குஞ்சு கூட்டை விட்டு இறங்கும் கிழமை

பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் வளவுக்குள் வந்து குருவி பிடிக்கிறது என்று யாரிடமாவது சொன்னால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, "பூன எண்டா பிடிக்கும்தானே, அதுக்கு என்ன செய்யிற?" மற்றது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மீனுக்குள்ள மருந்த வெச்சி விடுங்க, ரெண்டு நாளையில பிரச்சின முடிஞ்சிரும்." முதலாவது ஆள் குருவியைக் கைவிட்டுவிட்டார், இரண்டாவது ஆள் பூனையைக் கொல்லச் சொல்கிறார். இரண்டுக்கும் நடுவில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதில் பாதி காசு செலவில்லாதது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் இருக்கிறது. வளவு பெரிதென்று சொல்ல முடியாது. இரண்டு தென்னை, ஒரு மா, ஒரு கொய்யா, கிணற்றடியில் வாழை, மதிலோரம் செவ்வரத்தையும் குரோட்டனும், அவ்வளவுதான். அந்த மாமரம்கூட 1978 நவம்பர் சூறாவளியில் பழைய மரங்கள் எல்லாம் முறிந்து விழுந்த பிறகு அம்மம்மா புதிதாக வைத்தது. ஆனால் இந்தச் சின்ன இடத்துக்கு வந்துபோகிறவை கொஞ்ச நஞ்சமில்லை. விடியவே புலுனிக் கூட்டம் வந்து சருகைக் கிளறும், செவ்வரத்தையில் தேன்சிட்டு, மாவில் அணில், வாழைக்குள் செண்பகம், மதிலில் தலையை ஆட்டிக்கொண்டு ஓணான், கல்லிடுக்கில் அரணை, மாரி தொடங்கினால் கிணற்றடி முழுக்கத் தவளை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நிலமெல்லாம் சுட்டுக் கிடக்கும்போது ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் போதும், பகல் முழுக்க ஒன்று மாறி ஒன்று வந்து குடித்துக் குளித்துப் போகும். வளவுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, மரத்தைத் தறித்து, முற்றத்துக்கும் கொங்கிறீற் போட்டு மூடிக்கொண்டு வருகிற காலம் இது. மிச்சம் இருக்கிற இந்த மாதிரி வளவுகள்தான் அவற்றுக்குப் போக்கிடம், அதனால் எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

பூனையின் பெயர் ரோசி. சாம்பல் நிறத்தில் வரி போட்ட பெட்டைப்பூனை, பக்கத்து வீட்டு மாமியின் செல்லம். மதிலேறி வந்து எங்கள் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் படுத்துக்கொள்ளும். அது வேட்டையாடுவதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். வயிறு மணலில் படும்படி தாழ்ந்து, காதை முன்னுக்குக் குவித்து, அப்படியே அசையாமல் இருக்கும், வால் நுனி மட்டும் துடிக்கும். பாய்வதற்குச் சற்று முன் பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதித்து நிலத்தில் பிடி பார்க்கும். அப்புறம் ஒரே பாய்ச்சல். புலுனி கூட்டமாக வருவதால் ஒன்று கண்டு கத்தினால் எல்லாம் எழும்பிவிடும். தனியாக நிலத்தில் இருப்பதும், பறக்கத் தெரியாததும்தான் அகப்படும்.

விறாந்தைக்கு முன்னால் உள்ள குரோட்டனில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. அதற்கு மனிதர் மேல் பயம் குறைவு, வீட்டுக்குள் மின்குமிழ் மேலேயே கூடு வைக்கிற குருவி அது. இரண்டு மூன்று முட்டை இடும், இரண்டு கிழமை அளவில் பொரிக்கும், பொரித்து இன்னொரு இரண்டு கிழமை ஆகுமுன்னரே குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கிவிடும். விஷயமே இதில்தான் இருக்கிறது. இறங்கும்போது அவற்றுக்குச் சரியாகப் பறக்கத் தெரியாது. வால் இன்னும் கட்டையாக இருக்கும், செடிக்குக் கீழேயும் தாழ்ந்த கிளையிலும் இருந்துகொண்டு கத்தும், தாயும் தகப்பனும் தேடி வந்து ஊட்டும், சில நாளில் இறக்கை பலப்பட்டு மேலே போய்விடும். அந்தச் சில நாளும் அவை பூனைக்கு வாய்க்குள் வைத்த மாதிரி. குரோட்டனில் இருந்த மூன்று குஞ்சும் இறங்கிய அன்றைக்கே போய்விட்டன. ஒன்று மாமி வீட்டு வாசற்படியில் கிடந்தது. இன்னொன்று துவைக்கும் கல்லடியில், தின்னாமல் கொன்று போட்டபடி. மூன்றாவதுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது, நாலைந்து இறகு மட்டும் வாழையடியில் பறந்துகொண்டிருந்தது. தாய்க்குருவி பொழுதுபடும் வரைக்கும் வாயில் புழுவோடு மதிலில் இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சின்னக் கமெரா கட்டிவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிடித்ததில் கால்வாசிக்கும் குறைவானதைத்தான் அவை வீட்டுக்குக் கொண்டுவந்தன. ஏறக்குறைய பாதியைப் பிடித்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போயின, மிச்சத்தைத் தின்றுவிட்டன. ஆகவே "எங்கட பூன எப்பயாவது ஒண்டப் பிடிக்கும், அவ்வளவுதான்" என்று மாமி சொன்னது பொய் இல்லை. அவர் கண்டது வாசற்படியில் கிடந்த அந்த ஒன்றைத்தான். மற்ற இரண்டையும் கண்டது நாங்கள். பூனை வளர்ப்பவரோடு கதைக்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனால் கதை முதல் வசனத்திலேயே கெட்டுவிடும்.

"அது இயற்கைதானே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செண்பகமும் குஞ்சு தின்னும், காகமும் தின்னும், சாரைப்பாம்பு கூடு வரைக்கும் ஏறிப் போகும். அவற்றோடு எனக்கு வழக்கு இல்லை. இலங்கைக் காட்டிலேயே சிறுத்தையோடு சேர்த்து நாலு வகைப் பூனையினம் இருக்கின்றன, அவையும் வேட்டையாடித்தான் பிழைக்கின்றன. ஆனால் காட்டு மிருகத்துக்கு இரை குறைந்தால் அதன் தொகையும் குறையும். வீட்டுப் பூனைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. வளவில் குருவி முடிந்தாலும் மாமி வீட்டுக் குசினியில் அதற்குச் சோறு இருக்கிறது, அடுத்த நாளும் அதே பலத்தோடு வந்து மிச்சம் இருப்பதைத் தேடும். வயிறு நிறைந்தாலும் வேட்டையாடும், ஏனென்றால் பூனைக்குப் பசி வேறு, அந்தப் பாய்ச்சல் வேறு. ஒரு ஒழுங்கையில் வீட்டுக்கொரு பூனை என்று மனிதர் ஊட்டி வளர்க்கும்போது, எந்தக் காடும் அந்த அளவு நிலத்தில் தாங்காத தொகை வேட்டை மிருகத்தை நாம் வைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

இதனால் ஒரு இனமே அழிந்த கதையும் உண்டு. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் வெளிச்சவீடு கட்டப் போன காலத்தில் பூனையும் கூடவே போனது. அங்கே பறக்க முடியாத ஒரு சின்னக் குருவி இருந்தது. 1894இல்தான் விஞ்ஞானிகளுக்கு அப்படி ஒரு குருவி இருப்பதே தெரியவந்தது, தெரியவந்ததும் பூனை கொண்டுவந்து போட்ட உடல்கள் மூலம்தான். கொஞ்சக் காலத்துக்குள் அந்த இனமே இல்லாமல் போயிற்று. அமெரிக்காவில் 2013இல் வெளிவந்த கணக்கொன்றின்படி வெளியில் திரியும் பூனைகள் அந்த நாட்டில் மட்டும் வருடத்துக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட பறவைகளைக் கொல்கின்றன, அதில் பெரும்பங்கு உரிமையாளர் இல்லாத பூனைகளுடையது.

சரி, மாமியிடம் வருவோம். மாமியின் பெரிய நியாயம் எலி. "இது இல்லாட்டி எலிக்கி நாம என்ன செய்யிற மனே?" என்று கேட்டார். எலிக்காய்ச்சல் வருகிற ஊரில் அது தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. ரோசி சுண்டெலி பிடிப்பதை நானே கண்டிருக்கிறேன். ஆனால் கானுக்குள் ஓடுகிற பெரிய எலியோடு பூனை அநேகமாக மோதுவதில்லை. நியூயோர்க்கில் குப்பை சேகரிக்கும் இடமொன்றில் கமெரா வைத்துப் பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், எலி நிறைந்து கிடந்த அந்த இடத்தில் பூனைகள் 79 நாட்களில் இரண்டே இரண்டு எலியைத்தான் கொன்றிருந்தன. குப்பையை மூடி வைத்து, கோழித் தீனைச் சிந்தாமல் பார்த்து, தென்னைக்குத் தகரம் அடித்தால் குறைகிற எலி பூனையால் குறைகிற எலியை விட அதிகம். இதை மாமி முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை. எலி விஷயத்தில் வெல்ல வேண்டிய தேவை எனக்கு இல்லை.

"பூனையை எப்பவும் வீட்டுக்குள்ளேயே வையுங்கள்" என்று கேட்டால் நம்மூரில் யாரும் செய்யப் போவதில்லை. யன்னலும் கதவும் திறந்து கிடக்கிற வீடுகள், பூனை எந்த ஓட்டையாலும் போகும். கேட்டவுடன் சிரிப்பார்கள், அதோடு கதை முடிந்துவிடும். நான் கேட்டது சின்ன விஷயம். கொய்யாவில் இன்னொரு சோடி கூடு வைத்திருந்தது. அதை மாமிக்குக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். "மாமி, இந்தக் குஞ்சுகள் இறங்குற கிழமைக்கு மட்டும் ரோசிய உள்ளுக்கு வெச்சிருங்க, எண்டைக்கி இறங்கும் எண்டு நான் வந்து சொல்றன்." மாமி கொஞ்ச நேரம் கூட்டையே பார்த்துவிட்டு, "ஒரு கிழமதானே, பாப்பம்" என்றார். பூனையின் குணத்தை மாற்றச் சொல்லவில்லை, மாமி வளர்க்கிற முறையைக் குறை சொல்லவில்லை, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு உதவி. இப்படிக் கேட்டால் மனிதர் செய்வார்கள் என்றுதான் நான் நம்புகிறேன்.

எப்போது இறங்கும் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தூரத்தில் நின்று பாருங்கள், கூட்டுக்குள் கையை விட வேண்டாம். குஞ்சுக்கு இறகு மூடி, கூட்டு விளிம்பில் ஏறி இருந்து இறக்கையை அடிக்கத் தொடங்கினால் நாளையோ மறுநாளோ இறங்கும். அன்றைக்கே போய்ச் சொல்லிவிட வேண்டும். கொய்யாவில் இருந்தவை இரண்டு. ஒன்றைக் காகம் கொண்டுபோய்விட்டது. மற்றது தப்பி மாமரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அதை முதலில் கண்டு கூப்பிட்டுச் சொன்னது மாமிதான்.

அதற்குப் பிறகு மற்றதெல்லாம் கேட்பது லேசாகிவிட்டது. குருவிகள் அதிகம் நிலத்துக்கு வருவது விடியப்புறமும் பொழுதுபடும் நேரமும். அந்த நேரங்களில் ரோசிக்குச் சாப்பாட்டைக் காட்டி உள்ளுக்கு எடுத்துக் கதவைச் சாத்துவது என்று பழக்கியாயிற்று. இரவிலும் உள்ளுக்கே இருப்பதால் தெருநாய்க் கடியில் இருந்தும் வாகனத்தில் இருந்தும் பூனை தப்புகிறது, மாமிக்கு இந்தக் காரணம்தான் அதிகம் பிடித்தது.

இங்கிலாந்தின் எக்ஸெற்றர் பல்கலைக்கழகத்தினர் நூற்றுக்கணக்கான வீட்டுப் பூனைகளை வைத்துச் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. இறைச்சிப் புரதம் கூடிய, தானியம் சேராத உணவு கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் கயிற்றில் இறகு கட்டி இழுத்து விளையாட்டுக் காட்டிய பூனைகளில் 25 சதவீதம் குறைந்தது. எல்லோரும் முதலில் சொல்கிற மணி கட்டுவதில் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. பூனை மணி அசையாமல் பதுங்கப் பழகிவிடுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது, அதோடு கூட்டை விட்டு இறங்கிய குஞ்சுக்கு மணி கேட்டால்தான் என்ன, எங்கே பறக்கும்? அந்த ஆய்வில் பயன்படுத்தியது விலை கூடிய உணவு, அதை நான் மாமியிடம் கேட்கவில்லை. ஆனால் பூனை இறைச்சி தின்கிற பிராணி. சட்டி நிறையச் சோறு, மேலே கொஞ்சம் குழம்பு என்று வைப்பது அதற்குப் போதாது. இப்போது மீன்காரரிடம் கீரிமீன் ஒரு பங்கு சேர்த்து வாங்கி, அவித்து, முள் எடுத்து, சோற்றைக் குறைத்து வைக்கிறார். சில நாளைக்குக் கோழி ஈரலும்.

அதே ஆய்வில் நிறம் கூடிய துணியைக் கழுத்துப்பட்டி மேல் அகலமாகப் போட்ட பூனைகள் கொண்டுவந்த பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. குருவிக்கு நிறம் நன்றாகத் தெரியும், பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் மணலில் நகர்ந்து வந்தால் தூரத்திலேயே கண்டு எழும்பிவிடும். மாமியிடம் தையல் மெசின் இருக்கிறது. சட்டை தைத்து மிஞ்சிய துணியில், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சுருக்கு வைத்து, இரண்டு விரல் அகலத்தில் ஒரு வளையம் தைத்தார். ஒன்று கவனம்: கட்டிய பட்டி கிளையில் மாட்டினால் கழன்று விழ வேண்டும், இல்லாவிட்டால் பூனை தூக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும். நாங்கள் முடிச்சுப் போடாமல் ஒட்டுகிற நாடாவைச் சின்னத் துண்டாக வைத்தோம், இழுத்தால் பிரிந்துவிடும். ரோசி இதுவரை இரண்டைத் தொலைத்துவிட்டது, மாமி சலிக்காமல் தைத்துக் கொடுக்கிறார்.

எங்கள் பக்கம் செய்தது. தண்ணீர்ச் சட்டியை நிலத்தில் இருந்து எடுத்து மாங்கிளையில் உறி மாதிரித் தொங்கவிட்டோம், செடிப் பற்றையில் இருந்து பாய முடியாத தூரத்தில். துவைக்கும் கல்லுக்குப் பின்னால் பூனை பதுங்குகிற இடத்தில் எலுமிச்சை முள்ளும் பனை மட்டைக் கருக்கும் போட்டோம். கொய்யாவுக்கும் மாவுக்கும், தென்னைக்கு எலி ஏறாமல் அடிக்கிற அதே தகரத்தைச் சுற்றினோம், நெஞ்சளவு உயரத்தில், ஒரு முழத்துக்கு மேல் அகலமாக. ஆணி அடிக்கவில்லை, கம்பியால் தளர்வாகக் கட்டியிருக்கிறோம், மரம் பருக்கப் பருக்க இளக்கிவிட வேண்டும். மதிலில் இருந்து தொடுகிற கிளையை வெட்டாவிட்டால் தகரத்தால் பலன் இல்லை, பூனை சுற்றி வந்து மேலால் இறங்கும். மிளகாய்த்தூள் தூவுவது, பூச்சி உருண்டை போடுவது எல்லாம் வேண்டாம். பூச்சி உருண்டை பூனைக்கு விஷம், மிளகாய்த்தூள் கண்ணில் பட்டால் அந்தப் பிராணி படுகிற பாடு கொடுமை. தண்ணீர்க் குழாயால் ஒரு சீறல் அடித்தால் போதும், போய்விடும்.

மருந்து வைக்கச் சொன்னவருக்கும் பதில் சொல்ல வேண்டும். இலங்கையில் 1907ஆம் ஆண்டிலிருந்தே மிருக வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், மருந்து கலந்த மீனைப் பூனை மட்டும்தான் தின்னும் என்று யார் சொன்னது? காகம் தின்னும், நாய் தின்னும், கபரக்கொய்யான் தின்னும். குருவிக்காக இரக்கப்படுகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஒழுங்கை உயிரையெல்லாம் கொல்வதை நான் ஏற்கவே மாட்டேன்.

பூனை வாயில் இருந்து உயிரோடு ஒரு குருவியை எடுத்தால், காயம் தெரியாவிட்டாலும் "தப்பிவிட்டது" என்று பறக்க விட வேண்டாம். பூனைப் பல்லில் உள்ள கிருமி ஊசித் துளை அளவு காயத்தால் போனாலும் இரண்டு மூன்று நாளில் குருவி செத்துவிடும். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து இருட்டாக, சத்தமில்லாமல் வைத்து, கூடிய கெதியில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வாயில் தண்ணீரோ பாலோ ஊற்ற வேண்டாம். பூனை தொடாத குஞ்சு நிலத்தில் கிடந்தால் அது வேறு கதை, பக்கத்துக் கிளையில் தூக்கி வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், தாய் வரும். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது சரியில்லை. எடுக்கப் போய்ப் பூனை உங்களைக் கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நாய் கடித்தால்தான் விசர்நோய் என்று இருந்துவிடாதீர்கள்.

ரோசிக்குக் கருத்தடை செய்தாயிற்று. கருத்தடை செய்த பூனையும் வேட்டையாடும், ஆனால் அடுத்த ஈற்றுக் குட்டிகள் இல்லை. பெட்டைப்பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும், ஒன்பது கிழமையில் ஈனும், ஒழுங்கையில் பூனை பெருகுகிற வேகம் அதுதான். இப்போது எங்கள் கவலை, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கறுப்புப் பூனையும் அதன் மூன்று குட்டிகளும். கதைத்துப் பேச அதற்கு மாமி இல்லை. ஒக்டோபரில் ஆறுமணிக்குருவி வரத் தொடங்கும். வட இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் இருந்து இவ்வளவு தூரம் பறந்து வருகிற குருவி அது, வந்து சேரும்போது களைத்து நிலத்தில் கிடக்கும், அதன் பிறகும் நிலத்தில் நடந்துதான் புழு பூச்சி தேடும், அதை விட லேசான இரை பூனைக்கு இல்லை. அதற்கு முன்னர் அந்த நாலையும் பிடித்துக் கருத்தடை செய்து, குட்டிகளுக்கு வீடு பார்த்துவிட வேண்டும். ஒழுங்கைக்குள் காசு சேர்க்கிறோம், மாமிதான் முதலில் தந்தார். மட்டக்களப்புப் பக்கம் யாரிடமாவது பூனை பிடிக்கிற கூடு இருந்தால் இரண்டு நாளைக்கு இரவல் தாருங்கள், கழுவித் திருப்பித் தருவோம்.